கிரேஸ் அக்கா கொடுத்துவிட்டுப் போன முடி

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில்தான் எனக்குச் செய்தி கிடைத்தது. முன்பு நம் ஜீப்பை ஓட்டிய ரத்தினம் எதிரே வந்து, "கிரேஸம்மா போய்ட்டாங்கம்மா. நேத்தே எடுத்துட்டாங்க" என்றார். என் ரயில் வந்து நின்று கிளம்பியும் போய்விட்டது. நான் ஏறவில்லை. முதலில் எனக்கு வந்தது அழுகை அல்ல, பயம். இனி பழவேற்காட்டுக் குப்பத்து எல்லம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம்.

காசநோய் ஆராய்ச்சியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அக்காவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. அதைக் கொடுக்கச் சொல்லி ஊர் ஊராகக் கேட்பது அவர் வேலை. பெரிய டாக்டர் ஒலிபெருக்கியில் 'நாட்டு நலன்' என்று தொடங்கினால் கூட்டம் மெல்லக் கலையும். அக்கா பேசவே மாட்டார். கருவாடு காயும் இடத்தில் உட்கார்ந்து காக்காய் விரட்டிக்கொண்டிருப்பார். அவசரப்படுத்தினால், "நமக்குத்தான் அவங்க தேவை. கொஞ்சம் காத்துக்கினு இருந்தா இன்னா?" என்பார்.

அறுபதுகளின் கடைசியில் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்குப் போனோம். நோய் இருப்பவர், இல்லாதவர் எல்லோருடைய சளியும் வேண்டும் என்றதும் ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது. எச்சில் அந்நியர் கைக்குப் போனால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம். அக்கா சிரிக்கவில்லை, விளக்கவும் இல்லை. ஒரு குடிசை வாசலில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துத் தலை வாரினார். உதிர்ந்த முடியைச் சுருட்டினார். நாம் எல்லோரும் அதில் மூன்று முறை துப்பித்தானே எறிவோம்? அவர் துப்பவில்லை. அந்தக் குடிசைக்காரி எல்லம்மாவிடம் அப்படியே நீட்டினார்.

"இத நீ வெச்சுக்கோ. உங்க எச்சில வெச்சி நான் தப்பு பண்ணா, இத வெச்சி என்னை இன்னா வேணா பண்ணு."

எல்லம்மா அதைப் பொடி டப்பாவில் போட்டுக் கூரையில் செருகினாள். மறுநாள் காலை குப்பம் முழுக்கச் சளிக் கோப்பைகள் நிறைந்தன. தலைமையிடத்தில் நம்மைப் பாராட்டினார்கள். அந்த முடியைப் பற்றி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஆனால் எல்லம்மா ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். அவளுடைய மகன் சில மாதங்களுக்கு முன்புதான் ரத்தம் கக்கிச் செத்திருந்தான். ஆரம்பாக்கத்திலிருந்து வந்த மருமகள் மல்லிகாதான் நோயைக் கொண்டுவந்தாள் என்று ஊர் பேசியது. மல்லிகாவின் சளியை நான்தான் பார்த்தேன். கிருமி இல்லை. அக்கா அதைச் சொன்னதும் எல்லம்மா, "இப்ப இல்ல, சரி. அப்ப இருந்துச்சா?" என்றாள். அக்கா, "ஆராய்ச்சி முடியட்டும். நானே வந்து சொல்றேன்" என்றார். "அதுவரிக்கும் அவ என் ஊட்லயே இருக்கட்டும்" என்றாள் எல்லம்மா.

ஆராய்ச்சி முடிந்தது. அக்கா டாக்டரிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் அன்பாகத்தான் சொன்னார்: "கிரேஸ், இது நாட்டுக்கே எப்படிப் பரவுதுன்னு சொல்லும். ஒரு வீட்டுல யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு சொல்லாது."

அதன் பிறகு அக்கா பழைய அக்கா இல்லை. பழவேற்காடு வரை போய், படகுத்துறையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்ததாக ஒருமுறை சொன்னார். நல்ல செய்தி, கெட்ட செய்தி எதுவானாலும் தைரியமாகச் சொல்லிவிடுகிறவர் அவர். 'எங்களுக்குத் தெரியாது' என்ற ஒன்றைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை. கடைசியாகப் பார்த்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. "என் முடி இன்னும் அங்கதான் இருக்குது" என்றார். நான் பேச்சை மாற்றினேன்.

அடக்கத்துக்குத்தான் போக முடியவில்லை, குப்பத்துக்காவது போவோம் என்று போனேன். அக்கா இறந்ததைக் கேட்டதும் எல்லம்மா அந்தப் பொடி டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே இருந்த முடி கன்னங்கரேலென்று இருந்தது. யாரால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை நான் சொன்னேன்.

எல்லம்மா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தெரியாதுன்றதயாச்சும் வந்து சொல்லிக்கலாமே. ரெண்டு வருசம் பாத்தேன். பதிலே வர்லன்னா மல்லிகாதான்னு நெனச்சி அவ ஊருக்கே அனுப்சிட்டேனே" என்றாள். டப்பாவை மூடினாள். "அவகிட்ட போய்ச் சொல்லு. அப்பால வந்து வாங்கிக்கினு போ."

ஆரம்பாக்கத்தில் மல்லிகா நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று சொன்னேன். "இத அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன். அவங்கதான் அனுப்பினாங்க."

சேற்றுக் கையோடு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது எல்லம்மா திருப்பிக் கொடுத்த அந்த முடிச் சுருள் ஒன்றுதான். மூன்று முறை துப்பி எறிந்துவிடலாம். கை வரவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன்: அந்த வருடங்களில் ஜீப்பில் தலை வாரும்போதெல்லாம் அக்கா உதிர்ந்த முடியை எறியாமல் முந்தானையில் முடிந்துகொள்வார். எத்தனை குப்பத்தில், எந்தெந்தக் கூரையில் அது இன்னும் இருக்கிறதோ, அங்கெல்லாம் என்ன கேட்டார்களோ, இவர் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது அந்த ஊர்கள் நினைவிருந்தால் சொல்லுங்கள். நான் போக வேண்டும்.