மண்டபத்தில் இல்லாதவரின் வாதம்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். மலேசியாவின் லாபிஸ் ஊர் மண்டபத்தில் அன்று நீங்கள் இல்லை. உங்களை அழைப்பதற்குக் காரணமே அதுதான். உள்ளே கூடியிருந்த ஊரார் ஒவ்வொருவருக்கும் எங்கள் தோட்டத்து இடுகாட்டில் ஓர் உறவு படுத்திருந்தது. எனக்கு என் அப்பா. சொந்தம் இல்லாத கண்கள் உங்களுடையவை. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நான் ஜொகூர் பாருவில் சொத்துப் பரிமாற்ற வழக்குகள் பார்க்கும் இளம் வழக்கறிஞன். அதற்கும் முன்பிருந்தே மேடைப் பேச்சாளன். மூச்சை எங்கே நிறுத்தினால் கைத்தட்டல் வரும், எந்தச் சொல்லைக் கடைசி மணிக்காகச் சேமிக்க வேண்டும் என்பதெல்லாம் பள்ளி நாள்களிலேயே பழகியவை. மேடையில் நான் தோற்றதில்லை. இதைப் பணிவோடு சொல்லும் கலையை மட்டும் நான் பயிலவில்லை. சட்டத்துக்கும் மேடைக்கும் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காகவே இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

பட்டிமன்றம் வைத்த கதை

எங்கள் ஊர்க்காரர்கள் வேலை செய்த பழைய ரப்பர் தோட்டம் கைமாறியது. வாங்கிய செம்பனை எண்ணெய் நிறுவனம், தோட்டத்து இடுகாட்டைக் காலி செய்து தரக் கேட்டது. பதிலுக்கு அரசாங்கச் சாலையோரம் ஒரு மனை தருவதாகவும், சமாதிகளைத் தன் செலவிலேயே மாற்றித் தருவதாகவும் சொன்னது. ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கு. வழக்கில் தோற்றால் அந்த மனையும் கிடையாது.

இடுகாட்டுக் குழுவின் தலைவர் கண்ணையா, ஊரில் டயர் கடை வைத்திருப்பவர். குழுவின் வழக்கறிஞர் கூட்டம் போட்டு விளக்கச் சொன்னபோது, கண்ணையா சிரித்தாராம்.

"கூட்டம்னா நம்மாளு எவன் வருவான் சார்? பட்டிமன்றம்னு சொல்லுங்க, சிங்கப்பூர்ல வேல செய்யிறவன்கூட லீவு போட்டு வருவான்."

எங்கள் மக்களைத் தவிர வேறு யாரும் ஒரு நில வழக்கின் தலைவிதியைப் பட்டிமன்றத்தில் வைக்க மாட்டார்கள். 'நம் இடுகாட்டைக் காப்பது சட்டமா, வரலாறா?' என்று தலைப்பும் வைத்தார்கள். நிறுவனத்தின் ஏற்பாட்டை ஏற்கலாம் என்ற சட்ட அணிக்கு ஆசிரியை மரியா செல்வி தலைமை. விட்டுக் கொடுக்கக் கூடாது என்ற வரலாற்று அணிக்கு நான். நடுவராகத் தங்காக் ஊரிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை அழைத்திருந்தார்கள். டத்தோ என்று அவர் பெற்ற அரசுப் பட்டத்தைச் சொல்லியே ஊர் அவரை அழைக்கும். நானும் அப்படியே அழைக்கிறேன். நடுவர் நாற்காலியில் அவர் ஆசையோடுதான் அமர்ந்தார். "கோர்ட்ல நான் தீர்ப்பு சொன்னா ஒருத்தன்தான் அழுவான். இங்க சொன்னா ரெண்டு டீமும் சோறு போட்டு அனுப்புறாங்க" என்று அவர் தொடங்கியதும் மண்டபம் குலுங்கியது.

நான் பேசினேன். ரப்பர் வெட்டிய கைகளைப் பேசினேன். சிலுவையும் சூலமும் ஒரே மண்ணில் அடுத்தடுத்து நிற்பதைப் பேசினேன். கடைசி மணிக்கு முன் குரலைத் தாழ்த்தி, "இந்த மண்ணுக்கு நாங்கள் வாடகை தரவில்லை ஐயா, எங்கள் அப்பன்மார்களைத் தந்திருக்கிறோம்" என்றேன். கூட்டம் எழுந்து நின்றது. முன்வரிசையில் என் அம்மாவும் எழுந்து நின்றார்.

அப்போது கண்ணையா ஒலிவாங்கியை வாங்கினார்.

"சரி, இப்ப டத்தோ தீர்ப்பு சொல்வாரு. எந்தப் பக்கம் சொல்றாரோ, அதான் கம்பெனிக்கு நம்ம பதிலு. குழுவுல பேசி முடிவு பண்ணியாச்சு. திங்கக்கிழம லாயர்கிட்ட குடுத்துருவோம்."

டத்தோவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இந்த ஏற்பாட்டை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நாற்காலியை விட்டு எழுந்தவர்

அவர் எழுந்தார். தோளில் போட்டிருந்த பொன்னாடையைக் கழற்றி நாற்காலியின் மேல் வைத்தார்.

"தீர்ப்பு கெடையாது."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பயந்துட்டாரு லா!" இன்னொன்று: "ரிட்டயர் ஆனாலும் கம்பெனி பக்கம்தான்!"

"போனை எல்லாம் கவுத்து வைங்க. லைவ் போடுறவங்க நிறுத்துங்க. நான் பேசுறது உங்களுக்கு மட்டும்தான்" என்றார் டத்தோ.

"நான் பெஞ்சில இருந்தப்ப ஒரு வீட்டு வழக்கு. ஒரு தரப்பு வரல. கூப்பிட்டுப் பாத்தோம், ஆளில்ல. வந்த தரப்புக்கு ஆர்டர் போட்டேன். சட்டப்படி சரி. வெள்ளத்துல ரோடு மூடிக் கெடந்துச்சுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அந்த மனுசன் மனு போட்டான், என் ஆர்டர நானே ரத்து பண்ணேன். அதுக்குள்ள வீட்ட இடிச்சிட்டாங்க. வரலாறு நம்ம வலிய ஞாபகம் வச்சிக்கும். சட்டம் யார் கைல கெரான் இருக்குன்னு பாக்கும். ஆனா ரெண்டுமே, எதிராளி வாயத் தொறக்காத எடத்துல பேசுனா வெறும் வசனம்தான். இந்த ஹால்ல கம்பெனி எங்க? அவங்களுக்காக யாரு பேசுனா?"

கெரான் என்பது நிலத்துக்கான உரிமைப் பத்திரம். அது நிறுவனத்தின் கையில் இருந்தது. மரியா செல்விகூட ஏற்பாட்டை ஏற்கச் சொன்னாரே தவிர, நிறுவனத்தின் வாயாக ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

"யாராவது ஒருத்தர் பேசுங்க. முழுசா, மனசாரப் பேசணும். அப்புறம் நீங்களே கைதூக்கி முடிவு பண்ணுங்க. என் பேர அதுல போடாதீங்க."

ஒருவரும் எழவில்லை. எழுந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது எல்லாருக்கும் தெரியும். மேடையில் ஒரு பக்கம் காலியாகக் கிடப்பதை என் பயிற்சி பொறுக்கவில்லை. தருமம் என்றெல்லாம் அதற்குப் பெயரிட மாட்டேன். செருக்கு என்றே சொல்லிக்கொள்கிறேன். நான் எழுந்தேன்.

அப்பாவின் குழியில் நின்ற தண்ணீர்

"நான் இப்போது அந்த நிறுவனம்" என்று தொடங்கினேன். "நிலம் என் பெயரில் இருக்கிறது. புதைக்க உங்களுக்குப் பழைய துரைமார்கள் தந்தது அனுமதி, உரிமை அன்று. நான் உங்களை ஏமாற்றி வாங்கவில்லை. விற்பனைக்கு வந்ததை வாங்கினேன். வெளியேறு என்று மட்டும் சொல்லாமல் வேறு மண்ணும் தருகிறேன்."

"டேய், ஒங்கப்பன் கெடக்குற எடம்டா அது!"

"அலமாக், இவனுக்கா எந்திரிச்சி நின்னு கைதட்டுனோம்?"

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சரிந்து விழுந்தது. யாரோ தள்ளினார்களா, எழுந்த வேகத்தில் விழுந்ததா, தெரியாது. கண்ணையா மேடையோரம் வந்து, "தம்பி, போதும், எறங்குங்க" என்று என் சட்டையைப் பிடித்தார். டத்தோ, "விடுங்க, அவரு டைம் முடியல" என்றார்.

எதிராளியின் மிகச் சிறந்த வாதத்தைத் தேடும்போது, நம் கட்சியில் நின்று நாம் மறைத்து வைத்தவை எல்லாம் கைக்கு வரும். எனக்கும் வந்தது. என் முதல் உரையில் நான் தொடாமல் விட்ட ஒன்று.

"உங்கள் இடுகாடு பள்ளத்தில் இருக்கிறது" என்றேன். "அடைமழை மாதங்களில் ஓடைத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. இந்தப் பேச்சாளரின் தந்தையைப் புதைத்த அன்று, குழியிலிருந்து வாளியால் தண்ணீர் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. தண்ணீரிலேயே பெட்டியை இறக்கினார்கள். நான் தரும் மனை மேட்டில் இருக்கிறது."

கூச்சல் நின்றது. அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்கள் மண்டபத்தில் நிறையப் பேர். ஊரில் யாரும் அதைப் பேசுவதில்லை. நான் அம்மாவைப் பார்க்கத் துணியவில்லை.

அம்மா பள்ளிக் கேண்டீனில் சமைப்பவர். கூட்டத்தில் பேசியவரே இல்லை. அவர்தான் எழுந்தார். ஒலிவாங்கி கேட்கவில்லை.

"கம்பெனிக்காரரே, ஒரு கேள்வி."

பெற்ற தாய் என்னை அப்படி அழைத்தபோது மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் டத்தோவைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்குறீங்க? நீங்கதான் கம்பெனி. பதில் சொல்லுங்க."

"கேளுங்கம்மா" என்றேன்.

"எங்க வீட்டுக்காரர மெஷின வச்சு அள்ளுவீங்களா, கையால எடுப்பீங்களா?"

நிறுவனம் எழுதி அனுப்பியிருந்ததை நான் முழுவதும் படித்திருந்தேன். "அதைப் பற்றி நாங்கள் ஒன்றும் எழுதவில்லை" என்றேன்.

"எடுக்குறப்ப நாங்க பக்கத்துல நிக்கலாமா?"

"அதுவும் எழுதவில்லை."

"அப்ப எழுதிட்டு வாங்க. கையால எடுக்கணும். அந்தந்த வீட்டாளு நிக்கணும். அப்புறம் பேசலாம். இவ்ளோ அழகாப் பேசுற கம்பெனிக்கு இது தெரியாமப் போச்சே."

அவர் அமர்ந்தார். அதன்பிறகு ஒவ்வொருவராக எழுந்து கேட்டார்கள். பாதிரியார் வந்து செபிக்க நேரம் உண்டா? பூசாரிக்கு? பெயர் அழிந்துபோன சமாதிகளை என்ன செய்வீர்கள்? புது மனைக்கு மழையிலும் நடந்து போகும் பாதை உண்டா? நான் நிறுவனமாக நின்று, பெரும்பாலும் இல்லை, இல்லை என்றே சொன்னேன். மரியா செல்வி ஒவ்வொரு கேள்வியையும் எழுதிக்கொண்டார்.

இறுதியில் கைகள் உயர்ந்தன. அந்தக் கேள்விகளுக்கு நிறுவனம் எழுத்தில் உறுதி தந்தால் இடம் மாறுவது. தராவிட்டால் வழக்கைச் சந்திப்பது. பட்டிமன்றத்தில் யாரும் வெல்லவில்லை. டத்தோ பொன்னாடையை எடுக்காமலே சாப்பிடப் போனார்.

அதற்குப் பிறகு

நிறுவனம் எழுத்தில் உறுதி தந்தது. குழுவின் வழக்கறிஞர் அதைக் கொண்டுவந்து அதே மண்டபத்தில் வாசித்தார். சண்டை முடிந்தது என்று நினைத்தோம். கண்ணையா, "யாரு வீட்டுச் சமாதிய மொதல்ல எடுக்கிறது?" என்று கேட்டபோதுதான் அது முடியவில்லை என்று புரிந்தது. உறங்குபவரை முதலில் எழுப்பும் வீடாக இருக்க எவருக்கும் துணிவில்லை.

இளையவர்களே, என் தொழிலில் நான் அறிந்தது இவ்வளவுதான். எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு உன் வாயால் சொல்லிப் பார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதே. மேடையில் சொன்ன சொல் மேடையை விட்டு இறங்கி நடக்கும். அதனோடு நீயும் நடக்க வேண்டும்.

சாட்சியே, நீங்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒலிவாங்கியைத் தொடவில்லை. மூச்சை எங்கும் அளந்து நிறுத்தவில்லை. அம்மாவின் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன்:

"மொதல்ல எங்கப்பாவ எடுங்க. மண்ண நான் கையால எடுக்கிறேன். அன்னிலேருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் நான் வந்து நிப்பேன். கடைசிக் குழிய மூடுற வரைக்கும் இந்த ஊர விட்டு நான் போக மாட்டேன்."