விளக்கு இருந்த இடம்

பொய் கேட்டால் என்னால் உட்கார முடியாது. எழுந்து நடப்பேன். எரிந்ததும் இடிந்ததும் எதனால் என்று பார்த்து எழுதும் இன்சூரன்ஸ் சர்வேயர் நான். அதனால் பாதி நாள் நடையிலேயே போகிறது.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் ஒரு சின்ன ஜவுளிக்கடை. கடைக்காரர் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில் தீப்பிடித்து, பாதிக் கடை போய்விட்டது. நான் போனபோதும் கருகிய துணி நாற்றம் மூக்கைத் துளைத்தது. கடைக்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பக்கத்தில் அவருடைய அம்மா. வாசல் ஓரமாக, கல்யாணமாகி வந்து சில மாதங்களே ஆன மனைவி.

“கரண்டுதான் சார். ஒயர்லருந்து குபீர்னு புடிச்சிக்கிச்சி,” என்றார் கடைக்காரர்.

“நீங்கதான் அப்ப இங்க இல்லையே?”

“இல்லதான் சார். ஆனா கரண்டுதான்.”

எனக்குக் கால் பரபரத்தது. ஒயர்களைப் பார்த்தேன். வெளியுறைதான் உருகியிருந்தது, உள்ளே செம்பு அப்படியே இருந்தது. தீ ஒயரில் தொடங்கியிருந்தால் அதுவும் உருகியிருக்கும். கல்லாவுக்கு மேலே சாமி படங்கள் வைத்த பலகைதான் கடையிலேயே அதிகம் எரிந்த இடம். அதற்கு மேலே தொங்கவிட்டிருந்த புடவைகளில் கொக்கிகள் மட்டும்தான் மிச்சம். பலகையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் கருகாமல் மரத்தின் நிறத்திலேயே இருந்தது.

“இங்க விளக்கு இருந்திருக்கே, எங்க அது?”

சத்தமாகத்தான் கேட்டேன். கண்டுபிடித்துவிட்ட மிதப்பு.

அம்மா வாசல் பக்கம் திரும்பினார். “காலைல கட தொறந்து வெளக்கு ஏத்தனது யாரு?”

“நான்தான் அத்த.” அந்தப் பெண்ணின் குரல் பாதிதான் வந்தது.

“நீ கால் வெச்ச நேரம்,” என்றார் அம்மா.

கடைக்காரர் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார். விளக்கை எடுத்து மறைத்தது தான்தான் என்று ஒத்துக்கொண்டார். பணம் வராதோ என்ற பயம் என்று நினைத்துக்கொண்டு, “விளக்கால பிடிச்சாலும் கிளெய்ம் உண்டுங்க. பொய் சொன்னாதான் சிக்கல்,” என்றேன்.

“அது தெரியும் சார். நீங்க கரண்டுன்னே எழுதுங்க. வராட்டி போவுது.”

“அப்ப கடை?”

“கட போனா இன்னா சார், இன்னொண்ணு வெச்சிக்குவேன்.” அவர் கண் வாசலில் நின்ற மனைவி மேல் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேலா, அந்த அம்மா மேலா, என் வாய் மேலா என்று தெரியவில்லை. ரோட்டோரமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். விளக்கு என்றேதான் எழுதினேன். வேறு எழுத எனக்கு வராது. பணமும் வந்தது.

போன மாதம் பனமலையில் ஒரு சுவர் இடிந்ததைப் பார்க்கப் போகிற வழியில் அந்தக் கடையில் வண்டியை நிறுத்தினேன். புது அலமாரி, புது பெயிண்ட். கல்லாவில் அம்மா. ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“வீட்ல நல்லாருக்காங்களா?” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“அவங்க அம்மா வூட்ல இருக்குது சார். நீங்க வந்துட்டுப் போன அதே வாரத்துலயே போயிடுச்சி.”

எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிமிர்ந்தேன். சாமி படங்களுக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

“இப்ப கரண்டுதான் சார்,” என்றார்.