வேம்பார்க் கற்றாழையின் நிறம்

பேச்சியம்மாள் போய்விட்ட செய்தி நம் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. அதற்கு மேலே யாரோ போட்ட காலை வணக்க ரோஜா சிரித்துக்கொண்டிருந்தது. அவள் இருந்திருந்தால் அது எந்த ரோஜா என்று கேட்டு, போட்டவரைப் பாடாய்ப்படுத்தியிருப்பாள். செய்தியை நம்ப மனமில்லாமல் அந்த ரோஜாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் கல்லூரியில் அவள் தாவரவியல், நான் விலங்கியல். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காட்டில் பிறந்தவள், தண்ணீரே காணாத செடிகள்மேல் பைத்தியமாக இருந்தாள். கேட்டால், "நெல்லு கேக்கதுக்கு முந்தி தண்ணி குடுத்துருவோம். இதுக கேக்கவே கேக்காது ஸ்டெல்லா" என்பாள். தாவர மாதிரியாகப் பாதுகாக்க, மற்றச் செடிகளைப் போலக் கற்றாழையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தினால் காயாது. பலகைக்கு அடியிலேயே வளர்ந்து பூத்தும் விடும். அதனால் முதலில் வெந்நீரில் முக்கிக் கொல்ல வேண்டும். அவள் அப்படி முக்கியது நம் ஆசிரியர் அறைக் கெட்டிலில்தான் என்பதை இப்போது சொல்லிவிடலாம். அன்று டீ கசந்ததற்குப் பால்காரரைத் திட்டியவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற பிறகுதான் வேம்பார் உப்பளக் கரையில் சிவப்பாகப் பூத்த காட்டுக் கற்றாழையைப் பார்த்தாள். நம் ஊர்க் கற்றாழை மஞ்சளாகத்தான் பூக்கும். இது இதுவரை யாரும் பெயர் வைக்காத தனி இனமாக இருக்குமோ என்ற ஆசை அவளைப் பிடித்துக்கொண்டது. பக்கக் கன்றைப் பிடுங்கி நட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்றேன். "கன்னு தாயோட நகல்தானளா. விதையில முளைச்சதும் செவப்பாப் பூத்தாத்தான் அது தனி இனம்" என்றாள். கற்றாழை தன் மகரந்தத்தில் லேசில் காய்க்காது. எனவே சற்றுத் தள்ளி நின்ற இன்னொரு சிவப்புப் புதரிலிருந்து மகரந்தம் கொண்டுவந்து தூரிகையால் தடவினாள். காய் பிடித்தது.

அடுத்த முறை போனபோது கரையைச் சமன் செய்திருந்தார்கள். இரண்டு புதர்களும் இல்லை. அழாத குறையாக ஊருக்குள் நடந்தோம். அங்கே, புதுவீடு கட்டிய தங்கபுஷ்பம் என்பவரின் வாசல் நிலையில், கண்ணேறு படாமலிருக்க அந்தக் கற்றாழை வேரோடு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காய்த்த தண்டு மட்டும் வளைந்து வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. பேச்சி வாசலிலேயே கைதட்டிச் சிரித்துவிட்டாள்.

"டீச்சர், கட்டுனத நடுவுல அவுக்கக் கூடாது" என்றார் தங்கபுஷ்பம்.

"அவுக்காண்டாம்மா, அதுபாட்டுக்குத் தொங்கட்டும். காய் வெடிச்சா விதை பறந்துரும். ஒரு பை மட்டும் கட்டிக்கிடுதேன்."

கைக்குட்டையைத் தைத்து ஒரு வெள்ளைப் பை கட்டினாள். அதன்பின் ஞாயிறு தவறாமல் கடற்கரைச் சாலைப் பேருந்தில் அந்த வாசலைப் பார்க்கப் போனோம். ஒரு ஞாயிறு பார்த்தால் தெருவில் பாதி வீட்டுக் கற்றாழைகளில் வெள்ளைப் பை தொங்கியது! பேச்சி வீடு வீடாக ஏறி, பைக்கு ஒரு சக்தியும் கிடையாது என்று விளக்கினாள். "காலேஜ் டீச்சரே வந்து கட்டிருக்காவ, சும்மாவா?" என்று ஓர் அம்மா அவளுக்கே காப்பி கொடுத்து அனுப்பினார். ஒரு பைகூட அவிழவில்லை.

விதை கிடைத்தது. என் மொட்டைமாடி வெயிலில் முளைத்தது. நாலு வருடம் காத்திருந்தாள். தண்டுகள் எழும்பிய நேரத்தில் அவள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள், டாக்டர்களும் கைவிரித்துவிட்டார்கள். பூக்கள் விரிந்த காலையில் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாம் மஞ்சள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சித்தி, செவப்புன்னே சொல்லிருங்க. இனி என்ன கெட்டுரப் போவுது?" அவன் கேட்டதில் தப்பில்லை. நானும் அதே எண்ணத்தோடுதான் உள்ளே போனேன்.

அவள் கண் திறந்தாள். "என்ன நெறம்?" புதுச் செடியைக் கண்டால் கேட்கும் அதே பழைய குரலில் கேட்டாள்; அந்தக் குரலுக்குப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"மஞ்சள்."

"எல்லாமா?"

"பூத்தது அத்தனையும்."

என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள். "சரி, எழுதிரு. பேச்சி நெனச்சது தப்புன்னு என் பேரை முழுசாப் போட்டு எழுது. வேற யாரும் இதுல நாலு வருசத்தைப் போட வேண்டாம்." பிறகு என் விரலைப் பற்றிக்கொண்டாள். "ஏளா, நீ செவப்புன்னு சொல்லிருவியோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். சொல்லிருந்தியன்னா, நான் செத்துட்டேன்னு நீ முடிவு கட்டிட்டன்னு தெரிஞ்சிருக்கும்."

அவள் கேட்டபடி எழுதுகிறேன். வேம்பார்ச் சிவப்புக் கற்றாழை தனி இனம் அல்ல. பேராசிரியை பேச்சியம்மாள் நினைத்தது தவறு. நினைவுக்கென்று அவளுடைய பூதக்கண்ணாடியையோ புத்தகங்களையோ நான் கேட்டு வாங்கவில்லை. உயிர் இருந்தவரை அவளை உயிரோடிருப்பவளாகவே நடத்தினேன் என்ற நிம்மதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதையும் அவள்தான் கொடுத்துவிட்டுப் போனாள்.