மஸ்கெலியா அணைக்கட்டில் ஒரு சுறா

கொழும்பில் வேலை பார்த்த ஹோட்டலை மூடியதும் அண்ணன் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தான். வந்தவன் படுத்துவிட்டான். ஐந்தாறு மாதம் அப்படியே கிடந்தான். அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போதும் போர்வைக்குள் இருப்பான். நான் முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதும் அதே போர்வைக்குள் இருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் "வையி" என்பான். வீட்டில் நாங்கள் மூன்றே பேர். ஒருவன் வாயை மூடிக்கொண்டதில் மற்ற இருவருக்கும் பேச்சு குறைந்துபோனது.

போர்வைக்குள் அவன் ஃபோனில் சுறாப் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. பெரிய படங்கள் இல்லை. கையில் கிடைத்ததை வைத்து எடுத்த பேய்ப்பட வகை. இரத்தம் தக்காளிச் சாறு மாதிரி இருக்கும். சுறா ஒரே பக்கமாகத்தான் திரும்பும். ஒரு நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, "பாப்பா, இந்த மாதிரி நாமளே எடுக்கலாம்" என்றான்.

"எங்க? கடலுக்கா போறது?"

"மஸ்கெலியா டேம்ல."

அடுப்புப் பக்கமிருந்து அம்மா திரும்பிப் பார்த்தாள். "சுறாவ நாமதான் கருவாடாத் தின்னுருக்கோம். அது நம்மளத் திங்குமா?"

"படத்துல திங்கும்மா. மொதல்ல ஒன்னயத்தான் திங்குது."

வந்த நாளிலிருந்து அவன் எங்களிடம் எதுவும் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, ஃபோட்டோவுக்கு நிற்கவே கூச்சப்படும் அம்மா உடனே சரி என்றாள்.

பக்கத்து வீட்டு டிவி பெட்டியில் வந்த ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தெர்மகோல் அட்டையை அண்ணன் முக்கோணமாக அறுத்துச் சாம்பல் நிறம் பூசினான். அதை ஒரு பழைய டயர் டியூபில் கட்டி, டியூபில் நைலோன் கயிற்றைக் கட்டினான். கயிற்றை இழுத்தால் சுறாவின் முதுகுச் செட்டை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். அவன் பாறைக்குப் பின்னால் ஒளிந்து இழுப்பான், நான் ஃபோனில் எடுப்பேன். கரையில் துணி துவைக்கும் பெண்ணின் காலைச் சுறா கவ்வும், அவள் "காப்பாத்துங்க" என்று அலறுவாள். கதையில் அவளுக்கு அவ்வளவுதான் வேலை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் போனோம். முதல் தடவை செட்டை கிட்டே வந்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் தடவை, கறி அடிப்பிடித்ததுபோல மெல்ல "ஐயோ" என்றாள். மூன்றாம் தடவையும் அப்படித்தான்.

"எனக்குக் கத்த வரலப்பா" என்றாள்.

அண்ணன் கயிற்றைப் போட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்தான். "விடு பாப்பா. சரி வராது. வீட்டுக்குப் போவம்." போர்வைக்குள்ளிருந்து வருமே, அதே குரல். அம்மா அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கினாள்.

"இன்னொரு வாட்டி இழு."

செட்டை ஆடி ஆடி வந்தது. அம்மா அலறினாள். "எம்புள்ளய விடு! எம்புள்ளய விட்டுரு!"

கதையில் பிள்ளை என்று யாருமே இல்லை. ஆனாலும் நான் ஃபோனை இறக்கவில்லை. பாறைக்குப் பின்னால் அண்ணன் கயிற்றோடு எழுந்து நின்றுவிட்டான். மேட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கத்தியோடு ஓடி வந்தார்கள். அக்கரைப் பக்கம் வலை போட்டுக்கொண்டிருந்த சிங்களத்துப் பெரியவர் படகை வேகமாக வலித்துக்கொண்டு வந்து, "லமயா கோ? லமயா கோ?" என்று கேட்டார். பிள்ளை எங்கே என்று கேட்கிறார். மூச்சு வாங்கியது அவருக்கு.

அண்ணன் ரெஜிபோம் செட்டையைத் தூக்கிக் காட்டிச் சிங்களத்தில் விளக்கினான். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் செட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு படகில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தானும் நடிக்கலாமா என்று கேட்டவரும் அவர்தான்.

அன்று கதை மாறியது. அண்ணனுடைய முதல் கதையில் எல்லாரும் சாகிறார்கள். புதிய கதையில் அந்தத் தாய்க்கு ஒரு மகன் வந்தான். சுறாவிடம் சிக்கிய அவனைப் படகுக்காரர் துடுப்பால் சுறாவை அடித்துக் காப்பாற்றுகிறார். மகனாக அண்ணனே நடித்தான்.

முன்பள்ளி ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, இரவல் ப்ரொஜெக்டரில் ஒரு மத்தியானம் படம் காட்டினோம். படகுக்காரர் மனைவியோடு வந்திருந்தார். சுறா வந்ததும், "அது ரெஜிபோம்டா!" என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது. வாசலில் நின்ற அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த நிமிஷம் அம்மாவின் அலறல் வந்தது. சிரிப்பு நின்றது. முன் வரிசையில் ஒரு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகனைப் படகில் இழுத்துப் போட்டபோது விசில் பறந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணனும் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அவனே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினான். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில் படத்தைக் காட்டினானாம். இப்போது அங்கேதான் வேலை. சில நாட்கள் இன்னும் முகம் இருண்டுபோய் வருவான். ஆனால் வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

போன வாரம் சாப்பிடும்போது, "அடுத்தது சிறுத்தை படம்மா" என்றான்.

"சிறுத்தை வேணாம்" என்றாள் அம்மா. "அது நெசமாவே வரும். வேற ஏதாச்சும் யோசி. அதுல எனக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு வையி."