தோளுக்கு ஒரு ஜெபம்

ஐம்பத்து மூன்று வயதில் நான் கல்லெறியப் போனேன். யார் மேலும் இல்லை. எறியத் தகுந்த ஆட்கள் இருந்தார்கள், அது வேறு விஷயம். நான் போனது ஸ்காட்லாந்துக்காரர்களின் பார விளையாட்டுக்கு. கல்லைக் கழுத்தோடு அணைத்துத் தள்ளி எறிய வேண்டும். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டைக் கால்களுக்கு நடுவே ஆட்டி, பின்னால் உயரத்தில் இருக்கும் கம்பியைத் தாண்டும்படி தலைக்கு மேலே வீச வேண்டும். ஆளைவிட இரண்டு மடங்கு நீளமான மரக்கட்டையை நட்டமாகத் தூக்கி, ஓடி, தலைகீழாகப் புரட்ட வேண்டும். கேட்கும்போது பைத்தியக்காரத்தனம். செய்யும்போதும் அப்படித்தான். ஆனால் என் வாழ்க்கையில் நானாகப் பிடித்துச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

வளைகுடாவில், ருவைஸ் என்ற எண்ணெய் ஆலை ஊரில் நான் நர்ஸ். அங்கே பிசியோதெரபி பார்க்கும் ஸ்காட்லாந்துக்காரிக்கும் என் வயதுதான் இருக்கும். ஒருநாள் ஒரு டிரெய்லர் டிரைவரை, உதவிக்கு ஆள் வராததால், நான் தனியாகவே புரட்டிப் படுக்க வைத்தேன். அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் மைதானத்தில் என் கையில் கல்லைக் கொடுத்துவிட்டாள். முப்பது வருடமாக இந்த உடம்பை எல்லோரும் 'தடிச்சி' என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இவள் 'பலசாலி' என்றாள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

போட்டி என்றால் கில்ட் கட்டாயம். கட்டம் போட்ட அந்தக் கம்பளிப் பாவாடையை உடுத்தாதவரைக் களத்தில் இறக்க மாட்டார்கள். தையல்காரரிடம் படத்தைக் காட்டித் தைக்கச் சொன்னேன். அவர் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு முழுவதையும் முன்னால் வைத்துவிட்டார். நானும் அதுதான் லட்சணம் என்று உடுத்திக்கொண்டு போய் நின்றேன். மடிப்பு பின்னால்தான் வரவேண்டுமாம். ஸ்காட்லாந்துக்காரி வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அப்படியே சுற்றிப் பின்னால் திருப்பிவிட்டாள். கொக்கி எல்லாம் இடம் மாறிப் போயிற்று. எறிவதற்கு அது ஒன்றும் தடையாக இல்லை.

தடை வீட்டில் இருந்தது.

"ஏட்டி, ஒனக்கு என்ன கேடு? பேரன் பேத்தி எடுக்குற வயசுல பாவாடையும் உடுத்துகிட்டு வெள்ளக்காரனுவ முன்னால கல்லெறியணுமா? நம்ம ஆளுவ என்ன சொல்லுவினும்?" என்றார் என் கணவர்.

ரிஃபைனரியில் டெக்னீஷியன் அவர். நல்ல மனுஷன் என்று ருவைஸ் முழுக்கப் பெயர். அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. எங்கள் ஜெபக் குழுவில், சனிக்கிழமைகளில் நான் எங்கே போகிறேன் என்று யாராவது கேட்டால், "ஓவர்டைம்" என்பார். அது நிலைத்தும் விட்டது. வீட்டில் ரெண்டு சம்பளம் வந்தும் இவளுக்குப் பணத்தாசை தீரவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டது என் காதுக்கே வந்தது. அவர் காதுக்கும் வந்திருக்கும். பெண்டாட்டி பேராசைக்காரி என்றால் பரவாயில்லை, பலசாலி என்றால்தான் மானம் போகும்.

எனக்கு மெடல் எல்லாம் பெரிதில்லை. ஒரே ஒரு முறை, எங்கள் ஆட்கள் முன்னால், 'இவ கல்லெறிஞ்சு ஜெயிச்சா' என்று அவர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த ஆசைதான் என்னைக் கொண்டுபோய்க் களத்தில் நிறுத்தியது.

போட்டி அபுதாபியில் ஒரு கிளப் மைதானத்தில் நடந்தது. அவர்தான் கொண்டுபோய் விட்டார். காரை விட்டு இறங்கவில்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு பார்க்கிங்கிலேயே இருந்தார். இரும்புக் குண்டில் எனக்குக் கடைசி வாய்ப்பு. கம்பியை எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தார்கள் என்று அண்ணாந்து பார்த்தால் மனசு விட்டுப் போகும், அதனால் பார்க்கவில்லை. ஆட்டி வீசினேன். தோளுக்குள் ஏதோ 'பட்'டென்று விட்டது. குண்டு கம்பியைத் தாண்டிப் பின்னால் மண்ணில் விழுந்த சத்தம் கேட்டது. என் வயதுப் பிரிவில் நான்தான் முதல்.

வலியைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, மெடலோடு கார்க் கதவைத் திறந்தேன்.

"முடிஞ்சுதா? எத்தன பேரு எறிஞ்சிய?"

"எங்க பிரிவுல மூணு பேரு."

"அப்ப கடைசியா வந்திருந்தாலும் மெடல் உண்டு." வண்டியை எடுத்தார்.

தசைநார் கிழிந்திருந்தது. கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். நோயாளியைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது என்று அவரே ஊருக்குச் சொல்லிவிட்டார். அந்த வாரம் ஜெபக் குழு எங்கள் வீட்டுக்கே வந்தது. ஃபிளாஸ்கில் கஞ்சி, ஒரு பை நிறைய ஆரஞ்சு. என்னை நடுவில் உட்கார வைத்து, குழுவை நடத்தும் பெரியவர் என் தலையில் கையை வைத்தார்.

"ஆண்டவரே, ஓவர்டைம் ஓவர்டைம் என்று ஓடி உடம்பைக் கெடுத்துக்கொண்ட உம்முடைய மகளைக் கண்ணோக்கும். இருப்பது போதும் என்ற மனதை இவளுக்குத் தாரும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பெரியவர் கையைத் தட்டிவிட்டேன்.

"ஓவர்டைமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் கல்லெறியப் போனேன். சனிக்கிழம சனிக்கிழம அதுக்குத்தான் போனேன். அபுதாபில போட்டி நடந்துது. நான் ஜெயிச்சேன். இரும்புக் குண்ட வீசும்போதுதான் தோளு போச்சு. இவருகிட்ட கேளுங்க, இவருதான் கொண்டுபோய் விட்டாரு."

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இனி அவருக்கு வேறு வழி கிடையாது என்றே நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"காலையில ஊசி போட்டு உட்டிருக்காங்க. அந்த மயக்கத்துல என்னெல்லாமோ பேசுதா. நீங்க ஜெபத்த முடியுங்க" என்றார்.

எனக்கு யாரும் ஊசி போடவில்லை. சாதாரண வலி மாத்திரைதான் போட்டிருந்தேன். அந்த அறையில் இருந்த பெண்களில் பாதிப்பேர் நர்சுகள். அந்த மாத்திரையை ஃபார்மசியிலிருந்து வாங்கி வந்து கொடுத்தவளே என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அதைத் தின்றால் யாருக்கும் புத்தி மாறாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். மற்றவர்களும் மூடிக்கொண்டார்கள். பெரியவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஆமென் சொல்லும்போது அவள் குரல்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டது.