கண்ணாயியை விட்டு வந்த இடம்

மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில் ராசுவைத் தெரியாதவர்கள் குறைவு. மலையில் விளைகிற குச்சிக்கிழங்கை அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஏற்றிப்போகும் லாரியை வாலிபத்திலிருந்து ஓட்டியவர். கொண்டை ஊசி வளைவில் ஹாரன் சத்தம் கேட்டதுமே, "ராசு வண்டி வருது" என்று ஒதுங்கி நிற்பார்கள். ஆனால் கடைசி நான்கைந்து வருடமாக ஊர் அவரைப் பற்றி வேறொன்று பேசியது. பொண்டாட்டிக்குத் தலை சீவிப் பின்னிவிடுகிற ஆள் என்று.

கண்ணாயிக்கு முதலில் மறந்தது அடுப்பை அணைப்பது. பிறகு மிளகுத் தோட்டத்துக்குப் போகிற வழி. அப்புறம் திருப்பூரில் இருக்கும் மகள் கோகிலாவின் பெயர். மறதி நோய், சரியாகாது என்று டாக்டர் சொன்னதும் ராசு லாரியை விற்றுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார். தலையில் தண்ணீர் ஊற்றினால் அவள் பயந்து அலறுவாள், பாதத்திலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு மழைக்காலம் போயிற்று. ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாள். உருண்டை பிடித்து உள்ளங்கையில் வைத்தால் தானே தின்பாள். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து அவருக்கு வந்ததில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குக் குடலிறக்கம் வந்தது. நாமக்கல்லில் பார்த்த டாக்டர், ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், அதன்பிறகு பாரமே தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கண்ணாயியை நாளெல்லாம் தூக்கி எடுக்கிற மனிதரிடம்!

கோகிலா பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஒற்றை அறை வீடு, இரண்டு பிள்ளைகள். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் இருப்பதாகத் தோழி சொன்னதை அவள் தயங்கித் தயங்கித்தான் போனில் சொன்னாள்.

"நீங்களே ஒரு எட்டு போய்ப் பாருங்கப்பா. புடிக்கலைன்னா வேண்டாம்."

ராசு கண்ணாயியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இல்லத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினார். தரணிதரன் என்கிற நிர்வாகி வெளுப்பான சட்டையில் வந்து எல்லா இடத்தையும் சுற்றிக் காட்டினார். தரை பளபளத்தது. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. பழைய லாரி வாங்கப் போனால் ராசு பெயிண்டைப் பார்த்ததே கிடையாது; கீழே படுத்துத்தான் பார்ப்பார். இங்கே எங்கே படுத்துப் பார்ப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

"ஏனுங்க, இங்க யாரையாச்சும் கட்டிப்போடுவீங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க. உருண்டு விழுந்துருவாங்கன்னு இருந்தா கட்டிலுக்குப் பக்கவாட்டுல கம்பி மாட்டுவோம். அவ்வளவுதான்."

மத்தியானச் சாப்பாடு வரை இருந்து பார்க்கிறேன் என்றார் ராசு. தரணிதரன் ஒரு நாற்காலி போடச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் அருணா என்கிற ஒரே ஒரு பெண், தட்டும் கையுமாகக் கட்டிலுக்குக் கட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். நின்றபடியே ஊட்டினாள். சாமியப்பன் என்கிற பெரியவர் வாயிலிருந்ததை விழுங்குவதற்குள் அடுத்த கரண்டி போய்விட்டது. அவருக்குப் புரையேறி, கண்ணெல்லாம் சிவந்துபோயிற்று. ராசு அதற்குமேல் அங்கே உட்காரவில்லை.

"வேண்டாங் கண்ணு. அங்க சோத்தத் திணிக்கறாங்க," என்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே மகளிடம் சொன்னார்.

அடுத்த வாரமே, குளிக்க வைக்கும்போது கண்ணாயி வழுக்கி விழுந்தாள். தூக்கப் போன ராசுவுக்கு அடிவயிற்றில் கத்தியால் கிழித்ததுபோல வலி. அவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்வம் சத்தம் கேட்டு வரும்வரை இரண்டு பேரும் ஈரத்தரையில் கிடந்தார்கள். கண்ணாயி குளிரில் நடுங்கிக்கொண்டே அவருடைய கையைத் தடவிக் கொடுத்தபடி இருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுபடியும் போனார். இந்த முறை முதல் பஸ்ஸுக்கே போய், குளிக்க வைக்கிற நேரத்தில் உள்ளே நுழைந்தார். அருணா சாமியப்பனின் கட்டிலருகே குனிந்து நின்றிருந்தாள்.

"அப்பாரு, இப்ப இந்தப் பக்கமாத் திரும்பலாமுங்களா?"

பக்கவாதத்தில் பேச்சுப் போன மனிதர் அவர். பதில் வராது என்று தெரிந்தும் அவள் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவர் இமையை மூடித் திறந்த பிறகுதான் முதுகுக்குக் கை கொடுத்துத் திருப்பினாள். படுத்த படுக்கையாக இருக்கும் மனிதரின் முதுகில் ஒரு புண் இல்லை. ராசு அருகில் போய்ப் பார்த்தார். இடுப்பிலும் குதிகாலிலும்கூட இல்லை.

"அன்னிக்கு ஏம்மா அப்படி ஊட்டுனே?" அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அருணாவின் முகம் வாடிவிட்டது. "தப்புத்தானுங்க. கூட வேலை செய்யற பொண்ணு அன்னிக்கு வரலை. எல்லாருக்கும் ஆறிப்போறதுக்குள்ள குடுத்தரணும்னு பறந்தேன். சாயங்காலம் வரைக்கும் அவரு இருமிக்கிட்டே இருந்தாருங்க. என்னால ஒரு வாய் சாப்பிட முடியலை."

ராசு நேராக ஆபீஸ் அறைக்குப் போனார். "ஒரே பொண்ணு அத்தன பேருக்கும் ஊட்டோணும்னா அவ என்னங்க பண்ணுவா? அவ மேல எனக்குக் கோவமில்லீங்க. உங்க மேலதான்."

தரணிதரன் முன்னாலிருந்த நோட்டை மூடி வைத்தார். "ஆளு கெடைக்கறதில்லீங்க," என்றார்.

"கெடச்சா சொல்லுங்க. கூட்டிட்டு வாரேன்."

சொல்வார் என்று ராசு நம்பவில்லை. ஆனால் சில நாள் கழித்துத் தரணிதரனே போன் செய்தார். சாப்பாட்டு வேளைக்கென்றே வித்யாஸ்ரீ என்று ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள் என்றார். ராசு ஒரு மத்தியானம் போய், அவள் உட்கார்ந்து நிதானமாக ஊட்டுவதைப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

கண்ணாயியைக் கொண்டுபோய் விட்ட அன்று ராசு குளிக்க வைப்பதிலிருந்து சோற்று உருண்டை வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அருணா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ன சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பாங்க?" என்றாள். "புள்ளேன்னு கூப்பிடுவேன்," என்றார் ராசு, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆபரேஷன் முடிந்து, உடம்பு தேறி, அவர் கோகிலாவோடு திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. வராந்தாவில் நாற்காலி போட்டுக் கண்ணாயியை உட்கார வைத்திருந்தார்கள். தலை வாரிப் பின்னியிருந்தது. ராசு அவள் முன்னால் உட்கார்ந்து காதோரம், நகக்கண், முழங்கை, குதிகால் என்று ஒன்றுவிடாமல் பார்த்தார். எங்கும் ஒரு குறை இல்லை. கன்னத்தில் சதைகூடக் கொஞ்சம் பிடித்திருந்தது.

கண்ணாயி சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். அருணாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவரு யாருங்க?" என்று கேட்டாள்.

ராசு எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றார். கோகிலா பின்னாலேயே வந்தாள்.

"அழுவாதீங்கப்பா."

"இல்ல கண்ணு. நல்லாப் பாத்திருக்காங்க," என்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "என்னத் தேடற மாதிரி அவள வெக்கலை."

"வேணும்னா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமாப்பா?"

அவருக்கு ஆசைதான். ஆனால் ஈரத்தரையில் நடுங்கிக் கிடந்தவள் கண்முன்னே வந்தாள். "இங்கயே இருக்கட்டும்," என்றார்.

பொண்டாட்டியைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான் என்று சோளக்காட்டுச் சந்தையில் யாரோ பேசியது அவர் காதிலும் விழுந்தது. சுருக்கென்றது. வாரத்தில் பாதி நாள் காலை பஸ்ஸில் இறங்கிவிடுவார். கண்ணாயிக்கு உருண்டை பிடித்துக் கொடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்து, சாமியப்பனுக்கும் ஊட்டிவிடுவார். மார்கழியில் வெந்நீர் போதவில்லை என்று தரணிதரனிடம் சண்டை போட்டார். அவர் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு ஹீட்டர் மாட்டினார். "இங்க நல்லாப் பாத்துக்கறாங்களா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால் ராசு நல்லது கெட்டது எதுவும் சொல்லமாட்டார். "மத்தியானம் வந்து உக்காந்து பாருங்க," என்பார்.

அடுத்த ஐப்பசி மழையில் மலை ரோட்டில் மண் சரிந்து, பஸ் நின்றுபோயிற்று. வழி திறந்த பிறகுதான் அவரால் இறங்கி வர முடிந்தது. கண்ணாயி கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, முகத்தில் ஒரு கோபம் இருந்தது.

"எங்க போயிட்டீங்க இத்தன நாளா?"

"ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சு. பஸ்ஸு வரலை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து, கட்டிலில் அவருக்கு இடம் விட்டாள்.

"சரி, உக்காருங்க."