நின்றால் சூடு, ஓடினால் குளிர்

இருபது வருடமாக மாணவர்களுக்குக் குளிர்சாதன இயந்திரங்களைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். கம்ப்ரெஸர், கண்டென்சர், வால்வு, எவாப்பரேட்டர் என்று நான்கு பெட்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு போர்டில் வரைவேன். அப்படிப்பட்டவனின் காரில், போன கோடையில் ஏசி சூடாக ஊத ஆரம்பித்தது.

வீடு இரும்புலியூரில். காட்டாங்குளத்தூர் பக்கம் இருக்கும் கல்லூரிக்குத் தினமும் காரில் போவேன். பெருங்களத்தூரில் எங்கள் தமிழ்த்துறைப் பேராசிரியை ஏறிக்கொள்வார். என்னைவிட மூத்தவர், ஓய்வுபெற ஒரு வருடம்தான் பாக்கி. கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஒரு மடிப்பு கலையாமல் வந்து உட்காருவார். அந்த வாரம் கல்லூரி போய்ச் சேரும்போது புடவை பிழிந்து போட்டது மாதிரி இருந்தது.

"காஸ் லீக் ஆகியிருக்கும் மேடம்" என்று ஆரம்பித்து ஊரப்பாக்கம் வரை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நின்னாத்தான் சார் சூடா வருது. வண்டி ஓடும்போது சில்லுனுதான் இருக்கு."

"அது அப்படித் தோணும் மேடம். ஓடும்போது வெளிக்காத்து அடிக்குது இல்லையா."

"கண்ணாடி மூடியிருக்கே சார்" என்றார்.

தமிழ்த்துறைக்காரருக்கு இதையெல்லாம் எப்படிப் புரியவைப்பது என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

சனிக்கிழமை மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஏசி மெக்கானிக்கிடம் போனேன். காஸ் நிரப்புங்கள் என்றேன், கிட்டத்தட்ட மருந்துச்சீட்டு எழுதுகிற தோரணையில். அவர் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டிப் பார்த்தார்.

"காஸ் ஃபுல்லா கீது சார். ப்ரெஷர்தான் எக்கச்சக்கமா ஏறுது. கண்டென்சர் சூடு வெளிய போவல போல. முன்னாடி பிரிச்சுப் பாத்துடலாமா?"

"உங்க கேஜ் தப்பா காட்டுதோ என்னமோ."

அவர் கேஜைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சார் இன்னா வேல பாக்குறீங்க?"

சொன்னேன். "அப்ப சரி சார்" என்று பானெட்டை மெதுவாக மூடிவிட்டார்.

'கண்டென்சர் விசிறி நின்றுபோனால் என்ன ஆகும்?' என்பது வருடாவருடம் நான் கேட்கும் இரண்டு மார்க் கேள்வி. அழுத்தம் ஏறும் என்று எழுதாதவர்களுக்கு ஈவிரக்கமில்லாமல் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை, கூடுவாஞ்சேரி சிக்னலில் வரிசை நகரவே இல்லை. மேடம் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். முகம் வெளுத்திருந்தது. சிக்னல் தாண்டி ஓரமாக நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நாளைலேர்ந்து நான் ட்ரெயின்ல வந்துடறேனே சார். உங்களுக்கும் சிரமம்" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலமே மெக்கானிக்கிடம் போனேன். "நீங்க சொன்ன மாதிரியே பிரிச்சுப் பாருங்க" என்றேன். அவர் பழசைக் கிளறாமல் முன்பக்க கிரில்லைக் கழற்றினார். உள்ளே கையை விட்டுத் துழாவி, நீல நிறத்தில் எதையோ இழுத்தார். வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"இன்னா சார் இது, கொசுவலையா?"

கொசுவலைதான். பிப்ரவரியில் ஒரு எலி பானெட்டுக்குள் குடிவந்தபோது, கிரில்லுக்குப் பின்னால் இரண்டு மடிப்பாக நானே கட்டியது. கட்டி முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டதுகூட ஞாபகம் வந்தது. அதன் ஒரு முனை கண்டென்சர் விசிறியில் சுற்றி, விசிறி இறுகி, ஃப்யூஸ் போய்விட்டிருந்தது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கொஞ்சம் கண்டென்சரில் பட்டுக் குளிர்ந்திருக்கிறது. நின்றால் அதுவும் இல்லை. மேடம் முதல் நாளே சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

"யார் சார் கட்டுனது?"

"தெரியல. யாரோ" என்றேன்.

ஃப்யூஸ் மாற்றி, விசிறியைச் சுத்தம் செய்ததும் நின்ற இடத்திலேயே விரல் சில்லிட்டது.

மறுநாள் மேடத்திடம் போனில் கெஞ்சி, ஒரே ஒரு நாள் வந்து பாருங்கள் என்று காரில் ஏற்றினேன். வண்டலூரில் நின்றபோதும் குளிர்ந்தது. "எலக்ட்ரிக்கல் ஃபால்ட் மேடம். ரொம்ப அபூர்வமா வரும்" என்றேன். அவர் தலையாட்டினார். அப்போது போன் அடித்தது. எடுத்ததும் மெக்கானிக்கின் குரல் கார் ஸ்பீக்கரில் முழங்கியது.

"சார், உங்க கொசுவலை இங்கயே கீது. அத்த மறுபடி கட்டாதீங்க. எலி தொல்லன்னா வண்டிய எடுத்துகினு வாங்க, கம்பிவலை போட்டுத் தரேன்."

"கொசுவலையா சார்?" என்றார் மேடம்.

"ரெண்டு மடிப்பு மேடம்" என்றேன். பிறகு எலியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேஜ் தப்பு என்று சொன்னதைச் சொல்லத்தான் அதிகக் கஷ்டமாக இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பொத்தேரி வந்தபோது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் குறைச்சு வைங்க சார், குளுருது" என்றார்.

குறைத்து வைத்தேன்.